காசி யாத்திரையில் சுக்கு

ஒரு பிராணிக்கு நாம் என்ன கற்பித்தோம் என்பது அந்தப் பிராணிக்கு மட்டுமே தெரியும். நமக்குத் தெரிந்திருப்பதெல்லாம் நாம் கற்பிக்க நினைத்தது எது என்பதுதான். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் என் கல்யாணத்தன்று, பஞ்சகச்சமும் கழுத்தில் மாலையுமாக, மட்டாஞ்சேரி பஜாரின் நீளத்துக்கு நடந்தே அளந்தேன்.

என் மனைவி காயத்ரிக்கு, என்னைத் தெரியுமுன்னரே ஒரு நாயைத் தெரியும். அவளுடைய அப்பா விசுவநாதன் மாமா மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மொத்தமாக விற்பவர். அவருடைய கிடங்கில், சுக்கு மூட்டைகளுக்குப் பின்னால், கூரை ஒழுகிய ஒரு மழைநாளில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாட்டுநாய்க் குட்டி ஒன்றைக் காயத்ரி வீட்டுக்கு எடுத்து வந்தாள். நிறத்திலும் சுருக்கத்திலும் அது சரக்கை ஒத்திருந்தபடியால் சுக்கு என்றே பெயர் நிலைத்தது. மாமா அவனைச் சனியன் என்றுதான் அழைப்பார். காலையில் முதல் ஈட்டு இட்டிலியை அந்தச் சனியனுக்கு ஆறவைத்துப் பிட்டுப் போட்டபிறகே தாம் தட்டின்முன் உட்காருவார்.

நிச்சயதார்த்தத்தன்று காப்பி கொடுத்துக்கொண்டே காயத்ரி என் அம்மாவிடம் சொன்னாள்: "மாமி, ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். சுக்கும் வருவான்."

"கல்யாணத்துக்கா?"

"ஆத்துக்கு."

அம்மா காப்பியைக் கீழே வைத்தாள். கலூரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில், மாடிவீட்டுக்காரரின் நாய் அவரை இழுத்துக்கொண்டு படியிறங்கியபோது, எதிரே தயிர்ப் பாத்திரத்தோடு ஏறிவந்த அம்மாவும் அவர்களோடு சேர்ந்து இறங்கியிருந்தாள். முழங்கால் வீக்கம் வடியச் சில வாரங்கள் ஆயின. (தயிரைப் பற்றி இன்றும் பேசுவாள்.)

"நாய் வரதுல எனக்கு விரோதம் ஒண்ணும் இல்லை" என்றாள் அம்மா. "கயித்தை இழுக்காம நடக்கற நாயா இருந்தா வரட்டும். நான் என் கண்ணால பாக்கணும். ஒரு தரம் கயிறு இறுகினாலும் அது இங்கதான் இருக்கணும்."

"அவன் இங்க இருந்தா நானும் இங்கதான் இருப்பேன் மாமி" என்றாள் காயத்ரி, மிகுந்த பணிவோடு, இன்னொரு கரண்டி சர்க்கரை வேண்டுமா என்று கேட்கும் அதே குரலில்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது: எதையும் முறையாகப் படித்தால் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை. "நான் பழக்கறேன்" என்றேன். விசுவநாதன் மாமா மட்டும் குனிந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

கைப்பேசிக் காணொளிகளை இரவெல்லாம் பார்த்து, நாய்நடைக் கலையின் சாரத்தை இரு விதிகளாக வடித்துக்கொண்டேன். கயிறு இறுகினால் நில், நெகிழ்ந்தால் நட. இழுத்தால் ஒரு பயனும் இல்லை என்பதை நாய் தானே உணரும்வரை, நட்ட தூணாக நிற்கவேண்டும். அது திரும்பி நம்மைப் பார்த்துக் கயிறு தொய்ந்த அக்கணமே, தயங்காமல் நடந்துவிடவேண்டும். நெகிழ்ந்த கயிற்றோடு நிற்பது நாய்க்குச் செய்யும் துரோகம். (இந்தக் கடைசி வாக்கியம் எந்தக் காணொளியிலும் இல்லை. நானே சேர்த்த உரை.)

விதிகளை வகுத்தவர்கள் மட்டாஞ்சேரி பஜாரைப் பார்த்ததில்லை. அங்கே இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டும், போதாததற்கு ஆடுகள். யாருடையவை என்று எவருக்கும் தெரியாத ஆடுகள், கிடங்குகளின் வாசலில் சிந்திய அரிசியைத் தின்றுகொண்டு, சொந்தக்காரர்களைப் போல நடமாடும். முதல் நாள் காலை சுக்கு ஓர் ஆட்டைக் கண்டான். கயிறு இறுகியது. நான் நடுத்தெருவில் தூணானேன். எனக்குப் பின்னால் ஓர் அரிசி லாரி, அதன்பின் ஆட்டோக்கள், மூட்டை ஏற்றிய கைவண்டி. சுக்கு இழுத்தான், நான் நின்றேன், மூட்டை தூக்கும் தொழிலாளிகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"சாமி, பிரேக்கு பிடிச்சீங்களா, வண்டியே நின்னுடுச்சா?" என்றார் ஒருவர்.

"பேசாதே, சாமி தபசு இருக்காரு" என்றார் மற்றொருவர்.

ஓட்டுநர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவில்லை. சுக்கு கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தான். பரிதாபத்தினால் என்றே நினைக்கிறேன். ஆனி முடியும்வரை கதை இதுதான். ஆடு, கயிறு, தூண், லாரி.

பிறகு ஆடி பிறந்தது. கல்யாணங்கள் நடவாத மாதம் எனக்கு நாயைப் பழக்கக் கிடைத்த மாதமாயிற்று. கூடவே, இந்த மலையாளப் பக்கத்தில் கர்க்கடக மழை என்று சொல்கிறார்களே, அதுவும் முழு மூச்சாகப் பிடித்துக்கொண்டது. வளைந்த பிடி வைத்த பெரிய கறுப்புக் குடை ஒன்றை வாங்கி, மாமா வீட்டுச் சன்னலிலேயே மாட்டிவைத்தேன். தினமும் காலையில் கலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, வலக்கையில் குடையும் இடக்கையில் கயிறுமாகப் புறப்படுவேன்.

அற்புதம் நிகழ்ந்தது. சுக்கு என் இடக்காலை ஒட்டி நடந்தான். ஆடு வந்தால் பார்ப்பான், போகமாட்டான். எதிரே மூட்டையோடு யாராவது வந்தால், அவரைச் சுற்றி இடப்புறமாக ஒதுங்கி, மறுபடி என் காலோடு சேர்ந்துகொள்வான். கயிறு எப்போதும் பாதிச் சந்திரனைப் போலத் தொங்கியது. பஜாரின் கோடியில் படகுத்துறை. அங்கே காதர் இக்காவின் சாயாக்கடை வாசலில் குடையை மடக்குவேன். காதர் இக்கா எனக்குச் சாயாவும் சுக்குவுக்கு, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியில் ஆறிய துண்டு ஒன்றும் தருவார். பிறகு குடையை விரித்துக்கொண்டு திரும்புவோம். ஒரு நாளும் இது மாறவில்லை.

விசுவநாதன் மாமா தினமும் வாசலில் நின்று கேட்பார்: "இன்னிக்கு இழுத்தானோ?"

"இல்லை மாமா."

"ஒரு தரம்கூடவா?"

"இல்லவே இல்லை."

"ஓ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். என் திறமையைக் கண்டு பேச்சிழந்து போகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். (முட்டாள்களுக்கு மற்றவர் மனம் எப்போதும் தெளிவாகத் தெரியும்.)

ஆவணியில் கல்யாணம். மாமா வீட்டை அடுத்தாற்போல் இருந்த சமூக மடத்தில் ஏற்பாடு. அம்மாவின் பரீட்சையை மறுநாள் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பத்தரை மணிக்கு முகூர்த்தம். அதற்குமுன் காசி யாத்திரை.

மாப்பிள்ளை சம்சாரம் வேண்டாம் என்று காசிக்குப் புறப்படுவதும், பெண்ணைப் பெற்றவர் எதிரே வந்து மன்றாடிக் கையிலிருக்கும் குடையை வாங்கிக்கொண்டு அழைத்து வருவதும் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கைதான். பத்தடி போவதற்குள் முடிந்துவிடும். அதற்கென்று வாங்கியிருந்த சரிகைக் குடை அன்று காலை மழையில் நனைந்து, சிவப்புச் சாயம் மடத்து வாசலெல்லாம் ஓடியது. "அதைப் பிடிச்சிண்டு போனா, யாரையோ வெட்டிட்டுக் காசிக்குப் போற மாதிரி இருக்கும்" என்றார் சாஸ்திரிகள். யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்து வீட்டுக்கு ஓடி, சன்னலில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அதே சன்னல் கம்பியில்தான் சுக்குவைக் கட்டியிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாதஸ்வரம் முழங்கியது. தடியும் விசிறியும் கக்கத்தில் இடுக்கி, குடையை விரித்து, தூறலில் தெருவில் கால் வைத்தேன். கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து, அவிழ்ந்த கயிறு ஈரத்தரையில் புரள, சுக்கு வந்தான். என் இடக்காலருகே நின்று அண்ணாந்து பார்த்தான். தினசரி வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற பார்வை.

கயிற்றை எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? பந்திக்கு இலை போட்டாயிற்று. விட்டால் எங்கே ஓடுவானோ. காதருகே அம்மாவின் குரல் கேட்டது.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே பாத்துடறேன்."

தலை திருப்பினேன். மடத்துப் படியில் காயத்ரி கூறைப்புடவைக்குக் காத்திருக்கும் பெண்ணின் அடக்கத்தோடு நின்றாள். கண் மட்டும் கயிற்றின்மேல் இருந்தது. நடந்தேன்.

தாம்பாளத்தில் தேங்காயும் வெற்றிலையும் ஏந்தி மாமா எதிரே வந்தார். "மாப்ளே, காசிக்கெல்லாம் போகவேண்டாம்" என்று தொடங்கினார். எதிரே சுமையோடு ஒருவர் வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது சுக்குவுக்குத் தெரியும். இடப்புறமாக ஒதுங்கினான். நான் நின்றிருந்தால் கயிறு இறுகியிருக்கும். நானும் ஒதுங்கினேன். மாமாவின் மன்றாட்டு, நான் இருந்த இடத்தில் இருந்த வெற்றிடத்தைச் சென்று சேர்ந்தது.

கூட்டம் சிரித்தது. மாமா வேகமாக வந்து மறுபடி முன்னால் நின்றார். மறுபடி சுற்றிக்கொண்டு போனோம். இப்போது சிரிப்பு சற்றுக் குறைந்தது. மூன்றாம் முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"மாப்ளே, ஒண்ணு நில்லுங்கோ" என்றார் மாமா, மூச்சிரைக்க.

"நிக்க முடியாது மாமா. கயிறு நெகிழ்ந்திருக்கு."

இப்படி ஒரு பதிலைக் காசி யாத்திரையில் எந்த மாமனாரும் கேட்டிருக்கமாட்டார். நான் அதை விளக்கவும் முற்பட்டேன் என்பதுதான் இன்றும் என்னைக் கூசச் செய்வது.

தெரு முடிந்து பஜார் தொடங்கியது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். அவர்களுக்குப்பின் சாஸ்திரிகள், அம்மா, கல்யாணக் கூட்டத்தில் பாதி. தொழிலாளிகள் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு வழிவிட்டார்கள்.

"சாமி, நெஜமாத்தான் போறாரோ?" என்று ஒருவர் கேட்டார்.

"போகட்டே. பட்டியும் துணைக்கு உண்டல்லோ" என்றார் மற்றவர், நாயைக் காட்டி.

"அனந்து" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "மணி பத்தாகப்போறது."

"கயிறு எப்படி இருக்கும்மா?"

"தொங்கிண்டுதான் இருக்கு" என்றாள், நேர்மை தவறாமல்.

அப்போதுதான் அந்த ஆட்டைக் கண்டேன். கொம்பு வளைந்த கறுப்புக் கிடா, அரிசிக் கிடங்கின் வாசலை விட்டு இறங்கி, நேரே எங்களை நோக்கி வந்தது. சுக்குவின் காதுகள் விறைத்தன. அவன் ஓரடி முன்னால் வைத்தான். பாதிச் சந்திரன் மெல்ல மெல்ல நேர்கோடாகத் தொடங்கியது. எனக்கு நாதஸ்வரமும் மழையும் கேட்கவில்லை. இன்னும் ஒரு சாண். அதன் மறுமுனையில் காயத்ரி மட்டாஞ்சேரியிலேயே இருந்துவிடுவாள். அவள் விளையாட்டுக்குச் சொல்பவள் அல்லள்.

காற்று வீசியது. குடை இடப்புறம் சாய்ந்தது. குடை விளிம்பிலிருந்து ஒரு தாரை நீர் சுக்குவின் முதுகில் விழுந்தது. அவன் உடல் முழுதும் சிலிர்க்கத் துள்ளி, என் காலோடு ஒண்டிக்கொண்டான். ஆடு எங்களைக் கடந்துபோய், மாமாவின் தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை எடுத்துத் தின்றது.

நான் குடையை மெதுவாக முன்னே நகர்த்திப் பார்த்தேன். சுக்கு முன்னே நகர்ந்தான். பின்னே இழுத்தேன். பின்னே வந்தான்.

அந்தக் கணத்தில், ஊர் கூடியிருக்க, எனக்கு ஞானம் பிறந்தது. இரண்டு மாதமாக இவன் என்னோடு நடக்கவே இல்லை. கிடங்குக் கூரை ஒழுகி நனைந்து நடுங்கிய அந்தக் குட்டிக்கு மழை என்றால் பயம். நான் கற்பித்தது நடை. அவன் கற்றது குடை.

ஞானம் நிம்மதி தரும் என்பார்கள். எனக்கு அது அடுத்த ஆபத்தைத்தான் காட்டியது. காசி யாத்திரை முடியவேண்டுமென்றால் மாமா என் கையிலிருந்து குடையை வாங்கவேண்டும். வாங்கினால், நாய் குடையோடு போய்விடும். கயிறு இறுகும். அம்மா பார்ப்பாள். ஆகவே, சாஸ்திரத்துக்காக என் குடையைப் பற்ற வந்த மாமனாரிடமிருந்து அதைக் காப்பாற்றிக்கொண்டு, நான் கிட்டத்தட்ட ஓடத் தொடங்கினேன். பின்னால் தவில்காரர் காலத்தை ஏற்றிப் பிடித்தார்.

படகுத்துறை வந்தது. சாயாக்கடை வாசலில் சுக்கு உட்கார்ந்தான். இனி அவன் நகரமாட்டான். காதர் இக்கா என் பஞ்சகச்சத்தையும் பின்னால் வந்த கூட்டத்தையும் பார்த்தார்.

"என்ன தம்பி, கல்யாணத்தன்னிக்குமா?"

"பழம்பொரி, இக்கா. சீக்கிரம்."

"இப்பத்தான் எண்ணெயிலே போட்டிருக்கு. வேகணுமே. பருப்புவடை இருக்கு."

பருப்புவடையைச் சுக்கு முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு குடும்பங்களும் ஒரு வாத்திய கோஷ்டியும் ஒரு சாஸ்திரிகளும், எண்ணெயில் மிதக்கும் வாழைப்பழத் துண்டுகளைப் பார்த்தபடி மழையில் நின்றோம். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

"எங்க நின்னா என்ன, இங்கயே முடிங்கோ" என்றார் சாஸ்திரிகள். "காசியும் கரையோரம்தானே."

மாமா என் எதிரே வந்து நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு. தாம்பாளத்தில் தேங்காய் மட்டும் மிச்சம். சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல, காசிக்குப் போகவேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன், கிருகஸ்தனாக இரும் என்று சொல்லி முடித்தார். பிறகு கையை நீட்டினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"குடுங்கோ மாப்ளே."

கொடுத்தேன். வேறு வழியில்லை.

குடை மாமாவின் கைக்குப் போனது. சுக்கு எழுந்து, என் காலை விட்டு, மாமாவின் காலருகே போய் நின்றான். கயிறு எனக்கும் அவனுக்கும் இடையே நேராகிக்கொண்டு வந்தது. மாமா ஓரடி பின்வாங்கினால் போதும். ஒரே ஓரடி. அவர் கயிற்றைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், சுக்குவைப் பார்த்தார். தினமும் வாசலில் நின்று இழுத்தானா, இழுத்தானா என்று அவர் எதற்காகக் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இழுத்தால் சனியன் தம்மோடேயே இருந்துவிடுவான்; இழுக்கமாட்டானா என்று அவர் இரண்டு மாதமாகக் காத்திருந்திருக்கிறார்.

காதர் இக்கா பழம்பொரியை ஊதி ஊதி ஆற்றி நீட்டினார். மாமா அதை வாங்கிக்கொண்டு, குடையோடு குந்தி உட்கார்ந்தார்.

"எடா சனியனே" என்றார், தணிந்த குரலில். "இந்தா, மெல்லத் தின்னு, சூடா இருக்கு. அங்க போய் மாமியைப் படுத்தப்படாது, கேட்டியா. காயத்ரியோடயே இரு. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்."

அவர் எழுந்தார். ஓரடி பின்னே வைக்கவில்லை; முன்னே வைத்து என் பக்கத்தில் வந்து நின்றார். சுக்குவும் வந்தான். கயிறு தொய்ந்தது. மாமா குடையை எங்கள்மேல் பிடித்தார். தாம் நனைந்துகொண்டே மடம்வரை அப்படியே அழைத்து வந்தார். முகூர்த்தத்துக்கு நாங்கள் மணையில் உட்கார்ந்தபோது என் மாலையிலிருந்து சொட்டிய நீரில் ஹோமம் சற்றுப் புகைந்தது. தாலி கட்டுகையில் காயத்ரி தலை குனிந்தபடியே கேட்டாள்: "இறுகித்தா?"

"இல்லை."

அம்மா பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்புச் சொன்னாள்: "நாய் பாஸ். பையனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

சுக்கு இப்போது கலூரில் எங்களோடு இருக்கிறான். குடையில்லாமல் இன்றுவரை அவன் ஒழுங்காக நடந்ததில்லை. ஆகவே மேகமில்லாத மீனமாத வெயிலிலும் நான் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டே போகிறேன். எனக்கு இந்த வட்டாரத்தில் குடைச்சாமி என்று பெயர். வாசலில் குடையை எடுக்கும் ஓசை கேட்டாலே காயத்ரி உள்ளிருந்து, "காசிக்கா, கறிகாய்க்கா?" என்பாள். அம்மா சிரிப்பாள், ஒவ்வொரு முறையும்.

கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறோம். மழையில் நனைந்தபடி மாமா குடை பிடிக்க, மாப்பிள்ளை நடந்து வருகிறான். பார்க்கும் உறவினர்கள், மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று வியப்பார்கள். உற்றுப் பார்த்தால் குடை முழுவதும் இடப்புறம் சாய்ந்திருப்பதும், மாப்பிள்ளையின் வலத்தோளில் மழை கொட்டுவதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வந்திருக்கும்போது யாராவது அப்படி வியந்தால், அவர் மடியில் கிடக்கும் தலையைத் தடவிக்கொண்டே சொல்வார்:

"யாருக்குப் பிடிச்சேன்னு, நனையாதவனைக் கேளுங்கோ."